நீதியாசனமும் மலைநாட்டுத் தொழிலாளரும்
சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் பொதுப்பணி பற்றிய ஓர் ஆய்வு

நடுவுநிலைமையை நீதி வழங்குவோர்க்குரிய தலையாய குணமென நம் முன்னோர் போற்றினர். வழக்குடையார் இருவரையும் ஒருதன்மையராக நோக்கிச் சட்டம் கூறியவாறு தீர்ப்பளித்தலே நீதிபதியின் கடமை. ஆயினும் சட்டமே ஒருபாற் கோடியதாயின் நடுவுநிலையாளன் செய்யத்தக்கது யாது? மன்றில் அமர்ந்திருக்குங்கால் அவன் அச்சட்டத்திற்குக் கட்டுப்பட்டவன். மன்றினின்று இறங்கியபின் அவன் ஒரு குடிமகன். நீதியாசனத்திலே பெற்ற அறிவைக் குடிமகனென்ற நிலையில் எளியோர்க்குப் பயன்படுத்துதல் அவனுக்குத் தகுமா, தகாதா? இவ்வினாவிற்குத் தம் வாழ்வினாலே விடை கூறியவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள்.

அருணாசலத்தை இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவராகவும், பல்கலைக்கழக இயக்கத்தின் முன்னோடியாகவும், சைவ நூல்களை ஆங்கிலத்திற் பெயர்த்த அறிஞராகவும் வரலாறு படிப்போர் அறிவர். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா முதலிய மலைநாட்டுப் பகுதிகளில் உழைத்த தோட்டத் தொழிலாளரின் பொருட்டு அவர் தம் முதுமையில் மேற்கொண்ட பணியோ அத்துணைப் பரவலாக அறியப்பட்டதன்று. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீதிபதியான வரலாறு

அருணாசலம் 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் நாள் கொழும்பிலே பிறந்தார். தந்தையார் கேற் முதலியார் பொன்னம்பலம். தமையன்மார் குமாரசுவாமி, இராமநாதன் இருவரும் சட்டநிரூபண சபையில் இடம்பெற்ற பெருமக்கள். தாய்மாமனார் சேர் முத்துக்குமாரசுவாமி. செல்வமும் செல்வாக்கும் நிறைந்த இக்குடும்பத்திலே தோன்றியவர், பின்னாளில் றோயல் கல்லூரியெனப் பெயர்பெற்ற கொழும்புக் கல்லூரியிற் பயின்று, புலமைப் பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்று கிறைஸ்ற் கல்லூரியிற் சேர்ந்தார். ஆங்கே எட்வேட் காப்பென்ரர் என்பாருடைய நட்பு அவருக்கு வாய்த்தது. தொழிலாளர் நலனிலும் சமவுடைமைக் கொள்கையிலும் ஈடுபாடு கொண்டிருந்த இவ்வாங்கில அறிஞரோடு அருணாசலம் கொண்ட நட்பு வாழ்நாள் முழுவதும் நிலைத்தது. காப்பென்ரர் 1890ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து, ஹட்டனுக்கு அணித்தாயுள்ள சிவனொளிபாத மலையிலும் ஏறினார். அப்பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் அம்மலையின் பெயரையே தலைப்பிற் கொண்டு 1892இல் வெளிவந்தது.

1875ஆம் ஆண்டு அருணாசலம் போட்டிப் பரீட்சையிற் சித்தியடைந்து இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்தார். அவ்வழியாக அச்சேவையில் இடம்பெற்ற முதல் இலங்கையர் அவரே. அக்காலத்திலே சிவில் சேவையாளரே நீதிமன்றங்களிலும் அமர்ந்தனர். அருணாசலம் நாட்டின் பல பகுதிகளிலும் நீதவானாகவும் மாவட்ட நீதிபதியாகவும் கடமையாற்றினார். பிரதம நீதியரசராயிருந்த சேர் ஜோன் பட் பியர் அவருடைய நீதித்துறைப் பணியை வியந்து பாராட்டினார். பின்னர் 1887இல் ஆள்பதி சேர் ஆதர் கோர்டன் மூத்தோர் பலரைக் கடந்து அவரைப் பதிவாளர் நாயகமாக நியமித்தார். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு அவருடைய மேற்பார்வையிலேயே நடைபெற்றது.

இவ்விரு பதவிகளும் பிற்காலப் பணிக்கு அவரை ஆயத்தஞ் செய்தன எனலாம். நீதிமன்று, எழுத்தறியா ஏழைகளைச் சட்டம் எவ்வாறு தீண்டுகின்றது என்பதை அன்றாடம் கண்முன் நிறுத்தும் இடம். குடிசன மதிப்போ நாட்டு மக்களின் தொகையையும் தொழிலையும் கல்வியையும் பிறப்பிறப்பையும் ஒருசேர அளந்தறியும் கருவி. மக்களின் துன்பத்தைத் தனித்தனி முகங்களாகவும் மொத்தத் தொகையாகவும் நோக்கும் வாய்ப்பு அவருக்கு முன் எந்த இலங்கையருக்கும் இவ்வளவாகக் கிட்டியதில்லை.

மலைநாட்டிற் சட்டம் இயங்கிய முறை

அருணாசலம் பதவியிலிருந்த காலத்திலேதான் மலைநாடு தேயிலை நாடாக மாறியது. 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் என்பார் லூல்கந்துறைத் தோட்டத்தில் தேயிலைப் பயிரைத் தொடங்கினார். அடுத்து வந்த இலைநோய் கோப்பிப் பயிரை அழித்தது. கோப்பி நின்ற சரிவுகளிலெல்லாம் தேயிலை படர்ந்தது. 1880களின் நடுப்பகுதியில் இருப்புப்பாதை நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டன் வழியாக நானுஓயா வரை நீண்டது. கோப்பி, பழம் பறிக்குங் காலத்திற்கே பெருந்தொகைத் தொழிலாளரை வேண்டியது. தேயிலையோ ஆண்டு முழுவதுங் கொழுந்து பறிக்கப்பட வேண்டியது. ஆகவே தமிழகத்திலிருந்து வந்தோர் குடும்பத்தோடு லயங்களிலே நிலையாகத் தங்கலாயினர்.

இவர்களைப் பிணித்த கட்டுகள் இரண்டு. ஒன்று சட்டத்தாலானது, மற்றொன்று கடனாலானது.

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வேலையொப்பந்தங்களை ஒழுங்கு செய்தது. அதன்படி முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கும் ஊழியன் குற்றவாளியாவான். அவனைச் சிறையிடவும் முடியும். உடன்படிக்கையை மீறுதல் பொதுவாகக் குடியியல் வழக்கிற்குரிய விடயம். நட்டத்தை ஈடுசெய்தலே அதற்குப் பரிகாரம். தோட்டத் தொழிலாளியின் வகையிலோ அது குற்றவியல் வழக்காயிற்று. தொழில்கொள்வோர் தவறிழைப்பின் அவர்க்குந் தண்டனை அச்சட்டத்திற் சொல்லப்பட்டிருந்தது. ஆயினும் மன்றுக்குச் செல்லத் தோட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். ஒருநாட் கூலியை இழக்க வேண்டும். ஆங்கிலத்தில் நடைபெறும் வழக்கிலே தன் குறையை எடுத்துரைக்க வேண்டும். பின்னர் அதே துரையிடம் வேலைக்குத் திரும்பவும் வேண்டும். ஏட்டளவில் இருபாலார்க்கும் உரியதாயிருந்த சட்டம் நடைமுறையில் ஒருபாலார்க்கே பயன்பட்டது.

இரண்டாவது கட்டு ‘துண்டு’ முறை. தமிழகக் கிராமத்திலிருந்து புறப்படும் தொழிலாளிக்கு வழிச்செலவும், ஊர்க்கடன் தீர்க்கும் பணமும் கங்காணி வாயிலாக முன்பணமாகக் கொடுக்கப்பட்டன. தோட்டம் பெரிய கங்காணிக்குக் கொடுக்கும்; கங்காணி தன் கீழுள்ளோர் பெயரிற் கணக்கெழுதுவான். தொழிலாளியின் கணக்கு எழுத்தறிவற்ற அவன் கையில் இல்லை. கங்காணியின் ஏட்டில் இருந்தது. ஒரு கூட்டத்தார் வேறு தோட்டத்திற்குச் செல்ல விரும்பின் துரை ஒரு துண்டுக் காகிதம் எழுதிக்கொடுப்பார். இத்தனை பேரின் கடன் இவ்வளவு. அதனைச் செலுத்துவோரிடம் இவர்கள் விடுவிக்கப்படுவர் என்பது அதன் பொருள். புதிய தோட்டத்தார் அத்தொகையைக் கட்டி அவர்களை ஏற்பர். ஆட்கள் குறைவாயிருந்த காலங்களில் தோட்டங்கள் போட்டியிட்டு மேலும் முன்பணம் கொடுத்தன. அம்மேலதிகப் பணத்தின் பெரும்பகுதி கங்காணியின் கையிலே தங்க, கடன்மட்டும் தொழிலாளியின் தலையில் ஏறியது. இடம் மாறுந்தோறும் கடன் வளர்ந்ததேயன்றிக் குறையவில்லை. ஆளை விற்றல் என்ற சொல் சட்டத்தில் இல்லை. கடனை விற்றல் என்ற பெயரால் அது நடைபெற்றது.

வேலைக்கு வரும் ஒவ்வோர் ஆளுக்கும் நாள்தோறும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. நோயுற்றவனையும் பெரட்டுக்களத்திற்கு இழுத்துவருவது அவனுக்கு ஆதாயமாயிற்று. தோட்டத்தினின்று ஓடினால் சட்டம் பிடிக்கும். தங்கினால் கடன் பெருகும். இவ்விரண்டின் இடைப்பட்ட வாழ்வே மலைநாட்டுத் தொழிலாளரின் வாழ்வு.

ஓய்வின்பின் மேற்கொண்ட தொண்டு

அருணாசலம் 1913இல் அரசசேவையிலிருந்து ஓய்வுபெற்றார். அப்பொழுது அவருக்கு அறுபது வயது. ‘சேர்’ பட்டமும் பெற்று, சட்டநிர்வாக சபைகளிரண்டிலும் இருந்தவருக்கு எஞ்சிய நாட்களை நூலாராய்ச்சியிலும் சிவவழிபாட்டிலும் அமைதியாகக் கழிக்கத் தடையேதுமில்லை. அவ்விரண்டையும் அவர் கைவிடவுமில்லை. ஆனால் அவற்றோடு அமையாது பொதுத்தொண்டினுள் இறங்கினார்.

1915ஆம் ஆண்டு சனவரியில் இலங்கைச் சமூகசேவைக் கழகத்தை நிறுவினார். பொதுமக்கள் கல்வி, மருத்துவ உதவி, குடியிருப்பு, தொழிற்பயிற்சி முதலியன அதன் கருத்துக்குரியனவாயின. கொழும்பின் வறியோர் சேரிகளை நாடிச் செல்லுமாறு கற்ற இளைஞரை அழைத்தது இக்கழகம். இதன் தனிச்சிறப்பு ஒன்றனை ஈண்டுச் சுட்டுதல் வேண்டும். அதற்குமுன் நம் நாட்டிற் பரோபகாரமென்பது பெரும்பாலும் செல்வர் தத்தம் சமயத்தார்க்கும் ஊரவர்க்கும் அளித்த கொடையாகவே இருந்தது. அருணாசலத்தின் கழகமோ இனமுஞ் சமயமும் நோக்காது வறுமையையே நோக்கியது. அன்றியும், கொடுப்பதோடு நில்லாமல் வறுமையின் காரணத்தை ஆராயவும் தலைப்பட்டது. பசித்தவனுக்குச் சோறிடுதல் ஒரு நாளைய அறம். அவன் பசிக்கும்படி செய்த ஏற்பாட்டை மாற்றுதல் நெடுநாளைய அறம். இரண்டாவதற்கு உண்மைகளைத் திரட்டுதலும் சட்டமறிதலும் வேண்டும். நீதிபதியும் குடிசன மதிப்பாளருமாயிருந்த ஒருவர் இதனை உணர்ந்தமை வியப்பன்று.

இவ்வழியிலே அவருடைய கவனம் மலைநாட்டை நோக்கித் திரும்பியது. ஒப்பந்த மீறலுக்காகத் தொழிலாளரைச் சிறையிடும் விதிகளையும் துண்டு முறையையும் நீக்கவேண்டுமென அவர் கிளர்ச்சி செய்தார். மேடைகளிற் பேசினார், அதிகாரிகளுக்கு எழுதினார். இதே காலத்தில் இந்தியாவிலும் இவ்விடயம் பேசப்படலாயிற்று. சென்னை அரசாங்கத்தின் சார்பில் மார்ஜோரிபாங்ஸ், அகமது தம்பி மரைக்காயர் என்னும் இருவர் இலங்கைக்கும் மலாயாவிற்கும் சென்று தொழிலாளர் நிலையை ஆராய்ந்து அளித்த அறிக்கை 1917இல் வெளியாயிற்று.

1919ஆம் ஆண்டு சூன் 25ஆம் நாள் அருணாசலம் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை ஏற்படுத்தினார். அடுத்த ஆண்டில் இலங்கைத் தொழிலாளர் சம்மேளனமும் தோன்றியது. இப்பணிகளில் அவருக்கு வலக்கையாயிருந்தவர் பெரியண்ணன் சுந்தரம் என்னும் இளம் வழக்கறிஞர். மலைநாட்டிலே பிறந்து, கேம்பிரிட்ஜிலே கற்றுத் திரும்பிய இவர், சங்கத்தின் செயலாளராகப் பணியாற்றினார். 1919 சூனிலே தொழிலாளர் சங்கத்தையும், அவ்வாண்டு திசெம்பரிலே தேசிய காங்கிரசையும் ஒருவரே தொடக்கிவைத்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. நாட்டிற்குரிய ஆட்சியுரிமையும் உழைப்பாளிக்குரிய மனிதவுரிமையும் அவருக்கு வேறுவேறாகத் தோன்றவில்லை.

சீர்திருத்தமும் அதன் காரணங்களும்

1921ஆம் ஆண்டிலே துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இந்தியத் தோட்டத் தொழிலாளரை ஒப்பந்த மீறலுக்காகச் சிறையிடும் விதிகளும் அக்காலத்தை அடுத்தே நீங்கின. இவ்வெற்றி முழுவதையும் ஒருவர்க்கே உரித்தாக்குதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. காரணங்கள் மூன்றாக வகுக்கத்தக்கன.

முதலாவது, இந்திய மக்களின் எதிர்ப்பு. பீஜி முதலிய நாடுகளுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலி முறையை எதிர்த்து இந்தியாவில் எழுந்த குரல், குற்றவியற் தண்டனையோடு கூடிய எவ்வகைத் தொழில்முறையையும் ஐயத்தோடு நோக்கச் செய்தது. 1922இல் இந்தியக் குடியகல்வுச் சட்டம் நிறைவேறியது. ஆட்களை இந்தியாவிலிருந்தே பெறவேண்டிய இலங்கைத் தோட்டங்கள் இக்குரலுக்குச் செவிசாய்த்தே தீரவேண்டியிருந்தது. இரண்டாவது, தோட்ட உடைமையாளரின் தன்னலம். துண்டு முறையால் முன்பணத் தொகை ஏறிக்கொண்டே சென்றமையின் அவருட் பலரும் அதனைச் சுமையாகவே கருதினர். மூன்றாவது, அருணாசலமும் அவருடன் சேர்ந்தோரும் இலங்கையினுள் எழுப்பிய குரல். அயல்நாட்டாரின் குற்றச்சாட்டெனத் தள்ளிவிட முடியாதபடி, அரசின் உயர்பதவிகளை வகித்த இலங்கைத் தமிழர் ஒருவரே அதனைக் கூறினார். சட்டம் அறியாதவர் பேச்சென்று ஒதுக்கவும் இயலவில்லை. பேசியவர் சட்டத்தை நடத்தியவர். அருணாசலத்தின் பங்கை இம்மூன்றாவதிலேயே நாம் காணவேண்டும்.

அவர் தொண்டின் எல்லை

பெரியோர் வரலாற்றை எழுதுவோர் அவர் குறைபாடுகளையும் மறையாது கூறல் வேண்டும். அருணாசலத்தின் சங்கம் தொழிலாளரின் பொருட்டு அமைந்ததே, தொழிலாளரால் அமைந்ததன்று. அதன் உறுப்பினர் கொழும்பிலிருந்த கற்றோர். தோட்ட எல்லைக்குள் அயலார் நுழைதல் அத்துமீறலாகக் கொள்ளப்பட்ட அந்நாளிலே லயங்களிலுள்ளோரோடு நேரிற் கலந்து பேசுதலும் எளிதாயிருக்கவில்லை. எனவே விண்ணப்பமும் அறிக்கையுமே அவர்தம் கருவிகளாயின. 1921இன்பின் பிரதிநிதித்துவம் பற்றிய பிணக்கினால் அவர் காங்கிரசை விட்டு நீங்கி, 1923இல் இலங்கைத் தமிழர் சங்கத்தைத் தோற்றுவித்தார். இறுதியாண்டுகளில் அவர் கவலையெல்லாம் அதனிடத்தே சென்றது. 1924ஆம் ஆண்டு சனவரி 9ஆம் நாள், தலயாத்திரை சென்றிருந்த மதுரையில் அவர் காலமானார்.

அவர் விட்ட இடத்திலிருந்து பணி வேறொரு வகையில் வளர்ந்தது. தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கி ஹட்டனை அதன் நிலைக்களமாக்கினார். தொழிலாளர் தாமே உறுப்பினராயமைந்த இயக்கம் அது. 1927ஆம் ஆண்டின் சட்டத்தை ஒட்டி மலைநாட்டு உயர்பகுதிகளில் ஆடவர்க்கு நாளொன்றிற்கு 54 சதம், பெண்டிர்க்கு 43 சதம், சிறார்க்கு 32 சதம் எனக் குறைந்தபட்சக் கூலி விதிக்கப்பட்டது. 1931இல் சர்வசன வாக்குரிமையின்கீழ் நடைபெற்ற முதற்றேர்தலில் ஹட்டன் தொகுதியிலிருந்து போட்டியின்றித் தெரிவானவர், அருணாசலத்தின் செயலாளராயிருந்த பெரியண்ணன் சுந்தரமே. அவர் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராகவும் ஆனார். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமும், 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டமும் அவர் பதவிக்காலத்தில் வந்தவை. முதியவர் ஒருவர் இளைஞரொருவரைப் பொதுப்பணியிற் பழக்கிவைத்ததன் பயன் பத்தாண்டுகளின்பின் சட்டப் புத்தகத்தில் ஏறியது. இளைஞரிடத்து வித்திட்ட தொண்டு வீண்போவதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

எனினும் இவ்வளர்ச்சி தடையின்றிச் செல்லவில்லை. 1936ஆம் ஆண்டுத் தேர்தலிலும் ஹட்டன் மக்கள் நடேசய்யரைத் தெரிந்தனுப்பினர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமோ அவருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த உடன்படிக்கை அவர்களை இரு நாடுகளுக்கும் தொகை கூறிப் பங்கிட்டது. நாடற்றோர் என்ற நிலையைத் துடைக்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. 2023இல் மலையக மக்கள் தம் வருகையின் இருநூறாம் ஆண்டை நினைந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து சென்றனர். காணியும் வீடும் நேரிய கூலியும் அவர்தம் கோரிக்கைகளாக இன்றும் நிற்கின்றன. துண்டுக் காகிதம் மறைந்து நூறாண்டு கடந்தும் உழைப்பவனுக்குத் தான் உறையும் லயத்தின்மேல் உரிமையில்லாத நிலை பல தோட்டங்களில் நீடிக்கின்றது.

முடிவுரை

அருணாசலத்தின் வாழ்வு நமக்குக் காட்டுவன சில. சட்டமறிந்தவர்க்கு அச்சட்டத்தின் குறையை எடுத்துக் கூறும் பொறுப்பு ஏனையோரினும் மிகுதி. ஏனெனில் அக்குறை எங்கே உளதென்பது அவர்க்கே நன்கு தெரியும். பதவியினின்று ஓய்வுபெறுதல் கடமையினின்று ஓய்வுபெறுதலாகாது. பிறர்பொருட்டுப் பேசுதல் நன்றே. அவரே பேசுதற்கு வழிசெய்தல் அதனினும் நன்று. முன்னிரண்டையும் அருணாசலம் தாமே செய்தார். மூன்றாவதை அவர்வழி வந்தோரும், மலைநாட்டுத் தொழிலாளரும் தம் முயற்சியால் நிறைவேற்றினர்.

நம் கல்லூரியிலிருந்து ஆண்டுதோறும் பலர் சட்டத்துறையிலும் அரசசேவையிலும் ஆசிரியத் தொழிலிலும் புகுகின்றனர். அவருட் சிலர் ஹட்டனிலும் அதன் அயலிலும் கடமையேற்றுச் செல்வர். மன்றிலோ அலுவலகத்திலோ தம்முன் வந்துநிற்கும் தொழிலாளியின் வழக்கைக் கோப்பிலுள்ள ஓர் இலக்கமாக மட்டும் கருதாது, அவன் ஏன் அங்கே வந்துநிற்க நேர்ந்தது என்று ஒருகணம் சிந்திப்பாராயின், அறுபதாம் வயதிலே தொண்டினுட் புகுந்த அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் உண்மையான வணக்கம் அதுவேயாகும்.